பௌதியின் பெட்டியும் நாலு இறக்கை ப்ரொப்பெல்லரும்

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், துர்கா பூஜைக்கு முந்தின மழைக்காலத்தில். இடம் கொல்கத்தா. நாங்கள் லேக் கார்டன்ஸில் இருக்கிறோம். என் கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாக இந்த ஊர். நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். கிடர்பூரில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. துறைமுகத்துக்கு வருகிற, போகிற சரக்குக்கெல்லாம் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுப்பது எங்கள் தொழில்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நிறுத்திவிட்டுச் சிரிப்பீர்கள். நாங்கள் சுத்த சைவம். வீட்டுப் படியை ஒரு முட்டை கூடத் தாண்டியது கிடையாது. ஆனால் மீன் பிடிப்பது என்றால் எனக்கு உயிர். தூண்டில் நுனி ஒரு குலுக்குக் குலுக்கி, நைலான் நரம்பு விறுவிறுவென்று ஓடுகிறது பாருங்கள், அந்த நிமிஷத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெயிலில் உட்காருவேன். பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். பாவம்தான். சின்ன மீனை எல்லாம் திருப்பி விட்டுவிடுவேன். பெரியது எதிர் ஃப்ளாட்டுக்குப் போய்விடும். "தின்னவும் மாட்ட, விடவும் மாட்ட" என்று என் கணவர் இன்று வரைக்கும் கேலி பேசுகிறார்.

எதிர் ஃப்ளாட்டில் இருப்பவர்தான் பௌதி. பெங்காலியில் அண்ணிக்கு அப்படிச் சொல்வார்கள். அவர் கணவரை தாதா என்று கூப்பிடுவோம், அதாவது அண்ணன். தாதாவிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின், ஸ்டியரிங், ஐந்தாறு பேர் உட்காரலாம். அவர்கள் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, அப்பாவுக்காக ஆசையாக வாங்கிக் கொடுத்தது. படகு மகன் பேரில்தான் இருந்தது. டைமண்ட் ஹார்பர் தாண்டி ஒரு சின்ன படித்துறையில் கட்டி வைத்திருப்பார்கள். பேட்கி பிடிக்கப் போவோம். இங்கே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற மீன் அது. நம் பக்கம் கொடுவா என்பார்கள். என்னை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனதும், கையில் தூண்டிலைக் கொடுத்ததும், ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னதும் தாதாதான். என் கணவரும் அன்றைக்கு வந்தார். வழியெல்லாம் வாந்தி. அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

தாதா ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட நேரம் கிடைக்கவில்லை. பௌதி அதற்கப்புறம் கதவைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. நான் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால் பாத்திரம் கழுவாமலே திரும்பி வரும். என்ன பேசினாலும் ஒரு வார்த்தையில் பதில். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவரே வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தார். தலையில் தொப்பி, தோளில் தூண்டில் பை. காலடியில் தாதாவின் பெட்டி. "வரியா?" என்று மட்டும் கேட்டார். நான் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது பெங்காலியில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேக்குப் பெட்டி, மூலையெல்லாம் பித்தளை. உள்ளே தாதாவின் ரீல்கள், முள்கள், ஈயக் குண்டுகள். ஈயம் என்றால் கேட்கவா வேண்டும், ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பௌதி அதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய முள்ளும் குண்டும் தனிப் பையில் இருக்கும். பெட்டி படகின் பின்பக்கம் எஞ்சின் ஓரமாக இருக்கும், தாதா வைத்த அதே இடத்தில். பௌதி அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். நான் படகை ஓட்டுவேன். அப்படித்தான் நாங்கள் இரண்டு பொம்பிளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கங்கையில் இறங்க ஆரம்பித்தோம். தெருவில் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பௌதி பாத்திரம் கழுவிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார், எனக்கு அது போதும்.

ஜூலையில்தான் வம்பு வந்தது. அன்றைக்கு மீன் விடாமல் கடித்ததில் நேரம் போனதே தெரியவில்லை. அந்த ஆற்றில் கடல் தண்ணீர் ஏறும், இறங்கும். ஏறும்போதே திரும்பியிருந்தால் அதுவே தள்ளிக்கொண்டு வந்து விட்டிருக்கும். நாங்கள் கிளம்பியபோது இறக்கம் தொடங்கிவிட்டது, மழை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. முழு வேகத்தில் வைத்தேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் அமுங்கி, எஞ்சின் முக்கியதே தவிர நகரவில்லை. கரையில் ஒரு தென்னை மரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். எவ்வளவு நேரமானாலும் அந்த மரம் அங்கேயே நின்றது. கடைசியில் கரையோரமாக ஒதுங்கி, நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் திரும்புகிற வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். போனில் சிக்னல் இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் கணவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பயத்தில் பெங்களூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டிருந்தார்.

மகன் அந்த வாரமே வந்து நின்றான். படகை விற்கப் போவதாகச் சொன்னான். வாங்குவதற்கு ஆள் கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பௌதி டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகில் என்ன கோளாறு என்றே பார்க்காமல் விற்பேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவனைப் பிடித்துக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. என்னை அவன் மாஷி என்றுதான் கூப்பிடுவான், அதாவது சித்தி. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"மாஷி, அப்பா போனப்போ என்னால நேரத்துக்கு வந்து சேரவே முடியல. அங்க உட்கார்ந்துக்கிட்டு அம்மாவையும் ஆத்துல தேட முடியாது என்னால."

அவன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் உள்ளே சமையலறையில் டீ பாத்திரம் வைக்கிற சத்தம் கூடக் கேட்கவில்லை. படகு போய்விட்டால் பௌதி மறுபடி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் விடாப்பிடியாக நின்றேன். பூஜை வரைக்கும் அவகாசம் கொடு, நீயே வந்து ஏறிப் பார், இறக்கத்தை எதிர்த்துப் படகு தானாகத் திரும்பி வரவில்லை என்றால் நானே விற்றுக் கொடுக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவன் ஒத்துக்கொண்டான். அது வரைக்கும் ஏற்றம் இறக்கம் பார்த்துத்தான் போவோம் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

சொல்லிவிட்டேனே தவிர, எங்கே ஆரம்பிப்பது? படித்துறைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற மெக்கானிக் வந்து எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறது என்றார். கிடர்பூரில் எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் படகுச் சாமான் விற்கிற கடை இருக்கிறது. மதிய இடைவேளையில் டிபன் டப்பாவோடு அங்கே போய் நின்றேன். கடைக்காரர் நல்ல வியாபாரி. எஞ்சினுக்கு அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற ப்ரொப்பெல்லர் தேய்ந்து போயிருக்கும் என்று சொல்லி, பளபளவென்று ஒரு ஸ்டீல் ப்ரொப்பெல்லரை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று இறக்கை, முகம் பார்க்கலாம் போல இருந்தது. இதைப் போட்டால் படகு பறக்கும், சரியில்லை என்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றார்.

போட்டோம். மெக்கானிக்கும் நானும் பௌதியும் ஏறி, படித்துறையிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினோம். நிஜமாகவே பறந்தது. பௌதி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாதா போனதற்கு அப்புறம் அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல மீன் பிடிக்கக் கிளம்பினோம். படித்துறையை விட்டு நகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. அதே மூக்கு, அதே முக்கல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேகத்தைக் குறைத்துப் படகை ஓரமாக விட்டுவிட்டு யோசித்தேன். போன வாரம் பறந்தது, இந்த வாரம் இல்லை. அதே எஞ்சின், அதே ப்ரொப்பெல்லர், அதே ஆறு. மெக்கானிக் கூட இன்றைக்கு இல்லை, ஒரு ஆள் குறைச்சல்தான். பின்னே என்னதான் வித்தியாசம் என்று திரும்பிப் பார்த்தால், படகில் கால் வைக்க இடமில்லை.

எங்கள் படகில் எப்போதும் இரண்டு ஐஸ் பெட்டி. ஒன்று மீனுக்கும் இரைக்கும், அது பௌதியுடையது. இன்னொன்று என்னுடையது, தயிர்சாதம், எலுமிச்சம் சாதம், மோர் இதற்கெல்லாம். மீன் வைத்த பெட்டியில் நான் சாப்பாடு வைப்பேனா? அது அங்கே என்றால் இது இங்கே, இரண்டுக்கும் தனித்தனி ஐஸ். குடிக்கத் தண்ணீர் கேன், எனக்குத் தனி, அவருக்குத் தனி. அவர் கொண்டுவருகிற லுச்சி என்கிற மைதா பூரியும் ஆலுர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும் ஒரு அடுக்குப் பாத்திரத்தில். கை கழுவ ஒரு வாளி. மடக்கு நாற்காலி, பெரிய குடை, பெட்ரோல் கேன். கடைசியாக தாதாவின் பெட்டி. ஒரு கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் கிளம்பின மாதிரி நாங்கள் மீன் பிடிக்கக் கிளம்பியிருக்கிறோம்! அன்றைக்குச் சோதனை ஓட்டத்தின்போது இதில் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு சுற்றுதானே, இதோ வந்துவிடுவோம் என்று பெட்டியைக் கூடப் படித்துறையில் மெக்கானிக்கின் மனைவியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் ஏறியிருந்தோம்.

எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. ஆபீஸில் தினமும் வருகிறவர்களிடமெல்லாம், பேப்பரில் எழுதின எடை வேண்டாம், நிஜ எடை எவ்வளவு என்று நச்சரிக்கிறவள் நான். என் சொந்தப் படகுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குளியலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். என் கணவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டு தடியான ஆம்பிளைகளை எப்போதும் சும்மா ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். அதில் பாதிக்கு மேல் படகின் பின்பக்கம்.

என் கணவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சாமானைக் குறைங்க. அவ்வளவுதான் விஷயம்." நானும் சரி என்றேன். அடுத்த வாரம் நாற்காலி போயிற்று, வாளி போயிற்று, ஒரு தண்ணீர் கேன் போயிற்று. என் ஐஸ் பெட்டியையும் விட்டுவிட்டு ஒரு பையில் தயிர்சாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். படித்துறையில் எல்லாம் ஏற்றியான பிறகு தாதாவின் பெட்டியை நானே நகர்த்திப் படியில் இறக்கினேன். மெக்கானிக் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னேன்.

பௌதி படகிலிருந்து இறங்கினார். பெட்டிக்குப் பக்கத்தில் அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்தார்.

"நீ போயிட்டு வா. அவரை இறக்கி விட்டுட்டுப் போற படகுல எனக்கு என்ன வேலை?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. அது மரப்பெட்டி, உள்ளே இருப்பது ஈயம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் ஆற்றுக்கு வருவதே அதன் மேல் உட்காருவதற்காகத்தான் என்பது எனக்கு அந்தப் படியில்தான் புரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை மறுபடி தூக்கி அதே இடத்தில் வைத்தேன். அவர் ஏறி அதன் மேல் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரு மீனும் கடிக்கவில்லை. ஆனால் திரும்பி வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தப் பெட்டி இறங்காது. பெட்டி இறங்காது என்றால் என் ஐஸ் பெட்டியும் இறங்காது. இத்தனையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ப்ரொப்பெல்லர் இந்த ஊரில் எங்கே இருந்தாலும் சரி, அதைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

அப்புறம் நான் படித்த படிப்பு, பரீட்சைக்குக் கூட அப்படிப் படித்ததில்லை. ஆபீஸ் போகிற பஸ்ஸில், அடுப்பில் பருப்பு வேகும்போது, எப்போதும் போனில் அதே வேலை. விஷயம் ரொம்ப எளிது. ஒவ்வொரு ப்ரொப்பெல்லருக்கும் பிட்ச் என்று ஒரு அளவு உண்டு. ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னால் போக வேண்டும் என்ற கணக்கு. பிட்ச் அதிகமானால் வேகம் அதிகம், ஆனால் எஞ்சினுக்குக் கஷ்டம். குறைந்தால் வேகம் குறையும், தள்ளுகிற சக்தி கூடும். ஸ்கூட்டரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மேம்பாலம் ஏறிப் பாருங்கள், புரிந்துவிடும். எங்கள் படகில் இருந்தது பதிமூன்று. கடைக்காரர் கொடுத்த ஸ்டீலும் பதிமூன்றுதான். படகு காலியாக இருந்தால் பறக்கும், எங்கள் சமையலறையை ஏற்றினால் படுத்துக்கொள்ளும்.

சரியா தப்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது. முழு வேகத்தில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று எஞ்சினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். தாதா அந்த இடத்தில் ஒரு பச்சை டேப் துண்டை ஒட்டி வைத்திருந்தார். இத்தனை நாளும் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். முழுச் சாமானோடு ஓட்டிப் பார்த்தேன். முள் பச்சைக்கு ரொம்பக் கீழேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

கடைக்குப் போய் ஸ்டீல் ப்ரொப்பெல்லரைத் திருப்பி வைத்து, பத்து பிட்ச், நாலு இறக்கை, அலுமினியம் என்று கேட்டேன். இறக்கை கூட இருந்தால் தண்ணீரை விடாமல் பிடிக்கும். அலுமினியம் கேட்டதற்கும் காரணம் உண்டு. அங்கே கரையோரச் சேற்றில் பழைய கட்டைகள் புதைந்து கிடக்கும். இடித்தால் அலுமினியம் வளைந்து கொடுத்துவிடும். ஸ்டீல் என்றால் தான் வளையாமல் இடியை எஞ்சினுக்குள்ளே தள்ளிவிடும். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எல்லாரும் பிட்ச் கூட்டத்தான் வருவார்கள், குறைக்க வருகிற முதல் ஆள் நீங்கள்தான், படகு மணல் தோணி மாதிரி போகும் என்றார். எனக்கு வேண்டியது அந்தத் தோணிதான், நீங்கள் வரவழைத்துக் கொடுங்கள் என்றேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். நான் தினமும் மதியம் அவர் கடையிலேயே உட்கார்ந்து டிபன் சாப்பிட ஆரம்பித்தேன். மகாளயத்துக்கு முந்தின வாரம், என் தொல்லை தாங்காமல் எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்துவிட்டார். கறுப்பாக, குண்டாக, பார்க்க லட்சணமே இல்லாமல் இருந்தது.

மாட்டினோம். இந்தத் தடவை நாற்காலி, வாளி, இரண்டு ஐஸ் பெட்டி, பெட்டி, பௌதி, எல்லாரும் ஏறின பிறகுதான் சோதனை. மூக்கு தூக்கியது, ஒரு நிமிஷம் யோசித்தது, அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கி, படகு தண்ணீர் மேல் ஏறி ஓடியது. முள் பச்சையில். பறக்கவில்லை, ஆனால் ஓடியது. பௌதி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பூஜை வந்தது, மகனும் வந்தான். சப்தமி அன்றைக்கே போய்விடலாம் என்றான். என் கணவர், நானும் வருகிறேன் என்று திடீரென்று கிளம்பினார். வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்டதற்கு, முழுக எல்லாரும் சேர்ந்தே முழுகலாம் என்று பதில். அவர் பாசத்தைக் காட்டுகிற லட்சணம் அது.

படித்துறையில் மகன் சாமான்களைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. இது எதுக்கு மா, பாரம்தானே, கரையில் வைத்துவிட்டுப் போகலாம் என்றான். பௌதி அதன் மேல் போய் உட்கார்ந்தார். அப்பா போன பிறகு அவன் அந்தப் படகில் ஏறியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மீன் பிடித்தோம், சாப்பிட்டோம். இறக்கம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று மகனே காத்திருக்கச் சொன்னான். சோதனை என்றால் முழுச் சோதனையாக இருக்க வேண்டுமாம். மதியத்துக்கு மேல் ஆறு கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. மிதந்து வந்த வெங்காயத் தாமரை எல்லாம் எங்களைத் தாண்டிக் கீழே ஓடின. நாங்கள் படித்துறைக்குக் கொஞ்சம் கீழே, எதிர்க்கரை ஓரமாக இருந்தோம். நடுவில் கப்பல் போகிற பாதையைத் தாண்டித்தான் எங்கள் படித்துறை. தெற்கே தூரத்தில் ஒரு கப்பல் வேறு வந்துகொண்டிருந்தது. அது போன பிறகு கிளம்பலாமா என்று கேட்டேன். அது வருவதற்கு ரொம்ப நேரம் ஆகும், படகு ஓடும் என்றால் தாராளமாகத் தாண்டலாம் என்றான். ஓடும் என்றால்!

முழு வேகத்தில் வைத்தேன். மூக்கு தூக்கியது. எஞ்சின் முக்கவில்லை, நன்றாகத்தான் உறுமியது. முள் பச்சையைத் தொட்டது, உள்ளே போகவில்லை. மூக்கு இறங்கவில்லை. நான் கணக்குப் போட்டது இரண்டு பேருக்கும் எங்கள் சாமானுக்கும். இன்றைக்கு இரண்டு ஆண்கள் கூடுதல். அதுவும் என் கணவர் பயத்தில் எஞ்சின் பக்கமாகவே ஒண்டிக்கொண்டிருந்தார். ஒரு நூல் இடைவெளிதான். அந்த ஒரு நூலுக்குப் படகு ஏற மாட்டேன் என்றது. தூக்கிய மூக்குக்கு அந்தப் பக்கம் எனக்கு ஆறே தெரியவில்லை. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். பௌதி முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

விடக்கூடாது என்று மட்டும் இருந்தது. பின்னால் பார்க்காமலே, "முன்னால பாரம் வேணும், யாராவது முன்னால போங்க" என்று கத்தினேன்.

என் கணவர் அசையவில்லை, அவரால் முடியாது. மகன் எழுந்தான். முன்னால் போகாமல் பின்னால் அம்மாவிடம் போனான். பௌதி எழுந்து நின்றார். அவன் குனிந்து அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி முழங்காலாலேயே ஊர்ந்து முன்னால் போனான். படகின் மூக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

மூக்கு இறங்கியது. என் கண்ணுக்கு ஆறு தெரிந்தது, எதிரே எங்கள் படித்துறை தெரிந்தது. முள் பச்சைக்குள் போய் நின்றது. படகு தண்ணீர் மேல் ஏறி, அந்த இறக்கத்தை எதிர்த்து ஓட ஆரம்பித்தது. கரையில் ஒரு தென்னை மரம், அன்றைக்குப் பார்த்த அதே மரமா என்று தெரியாது, நகர்ந்து பின்னால் போயிற்று. கப்பல் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே பாதையைத் தாண்டிவிட்டோம். நான் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது.

மகன் கடைசி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. படித்துறையில் கயிறு கட்டின பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பௌதி போய் அவன் தலையில் கை வைத்தார். அப்போதுதான் பேசினான்.

"சின்ன வயசுல அப்பா என்னை இங்கதான் உட்கார வைப்பார் மாஷி. அப்போ வாடகைப் படகு, மூக்கு இறங்காது. ‘நீ உட்கார்ந்தாத்தான்டா படகு ஓடும்’னு சொல்வார். நான் அதை நெஜம்னு நம்பிட்டிருந்தேன்."

நிஜம்தான் என்று பௌதி சொன்னார். படகை விற்கிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. பெங்களூருக்குக் கிளம்பும் முன்னால் மகன் படகின் முன்பக்கம் ஒரு கட்டை அடித்து, பெட்டி நகராமல் இருக்க வார் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது பௌதி முன்னால்தான் உட்காருகிறார். தொப்பி பறந்துவிடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் புகார். என் கணவர் மறுபடி தண்ணீர்ப் பக்கம் வரவில்லை.

முன்பெல்லாம் துக்கத்தில் இருக்கிறவர்களிடம் நானும் எல்லாரையும் போல, மனசிலிருந்து இறக்கி வை, லேசாகிவிடும் என்றுதான் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. அவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார்களோ அதோடேயே ஓடுவதற்கு என்ன வழி, அதைப் படகில் எந்தப் பக்கம் வைத்தால் கண்ணுக்கு ஆறு தெரியும் என்றுதான் கூட உட்கார்ந்து யோசிக்கிறேன்.